ஆபீசர் விண்ணப்பம்: நமக்கு யார் சொன்னார்கள்?

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், கம்பைநல்லூர்)



போன வருடம் மே மாதம். செமஸ்டர் முடிந்த கையோடு கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கையில் பத்தாவது மார்க் ஷீட், ஆதார், இரண்டு போட்டோ, நூறு ரூபாய். தேசிய ராணுவ அகாடமிக்கு (எல்லோரும் என்.டி.ஏ. என்றுதான் சொல்கிறோம்) விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. பாஸானால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம்.

கடைக்கார அண்ணன் கேட்டார்: "பிளஸ் டூ நம்பர் சொல்லு தம்பி."

"பிளஸ் டூ இல்லண்ணா. டிப்ளமோ."

அவர் அறிவிப்பைத் திறந்து, நானும் அவரும் தலையோடு தலை முட்டிப் படித்தோம். தரைப்படைக்கு 10+2 முறையில் பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது அதற்குச் சமமான தேர்வு. கடற்படைக்கும் விமானப்படைக்கும் அதோடு இயற்பியல், வேதியியல், கணிதம். பத்தாவது முடித்த கையோடு பாலிடெக்னிக் வந்து லேத்தில் நின்ற நம்மை மனதில் வைத்து எழுதிய வரி இல்லை அது. "இது உனக்கு ஒத்து வராது போல இருக்குதே" என்றார். நூறு ரூபாயைத் திருப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால்தான் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதையே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன படிப்பு என்று தெரியாதவர்களுக்காக. (எனக்கே பதினேழு வயது வரைக்கும் தெரியாது!) புனே பக்கத்தில் கடக்வாஸ்லா என்ற இடத்தில் 1954 முதல் இந்த அகாடமி இருக்கிறது. மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது. ஒரு முறைக்குச் சுமார் 400 இடம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். கணக்குக்கு 300 மார்க், பொதுத்தாளுக்கு 600. அந்த 600-ல் ஆங்கிலம் மட்டும் 200. எழுத்தில் தேறியவர்களை ஐந்து நாள் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அதற்கும் 900 மார்க். தேர்வாகிப் போனால் மூன்று வருடம் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அரசாங்கச் செலவு. கைச்செலவு, உடுப்பு என்று வீட்டிலிருந்து கொஞ்சம் கட்டச் சொல்வார்கள், ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் அதற்கும் உதவி உண்டு. முடித்தால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம். அதற்குப் பிறகு அவரவர் படைக்கான பயிற்சி, அப்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அப்புறம் தோளில் நட்சத்திரம்!

இன்னொன்றும் இருக்கிறது. 10+2 டெக்னிக்கல் என்ட்ரி என்று பெயர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் எடுத்து, ஜே.இ.இ. மெயின் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். தேர்வானால் ராணுவமே நம்மை இன்ஜினீயரிங் படிக்க வைத்து ஆபீசர் ஆக்குகிறது. நம்மைப் போல மெஷின் மேல் ஆசை இருக்கிற பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்கும் அதே பிளஸ் டூ.

இப்போது இன்னொரு அறிவிப்பைப் பாருங்கள். 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் விமானப்படைக்கு அக்னிவீர் எடுக்கிறார்கள். அங்கே மூன்று வருட டிப்ளமோ செல்லும் என்று அச்சிட்டே இருக்கிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல், கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று நம் டிபார்ட்மென்ட் போர்டுகளை அப்படியே எழுதி வைத்த மாதிரி ஒரு பட்டியல்! நாலு வருடம் வேலை, அதற்குப் பிறகு நாலில் ஒருவரை வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். அதாவது, சிப்பாய் வரிசைக்கு நம் படிப்பின் பெயர் ஞாபகம் வருகிறது. ஆபீசர் வரிசைக்கு வரவில்லை. அக்னிவீர் போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கூடப் படித்தவர்களே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மொரப்பூர் ரோட்டில் ஓடுகிறார்கள். ஓடுகிறவனுக்கு இரண்டு வழியும் தெரிந்து, அவனே ஒன்றைப் பிடித்திருந்தால் எனக்குப் பேச்சே இல்லை. ஒரு வழி மட்டும்தானே தெரியும்!

நான் பாலிடெக்னிக் வந்த கதை உங்கள் கதைதான். பத்தாவதில் 391 மார்க். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். "மூணு வருஷம், முடிச்சா ஓசூர்ல கம்பெனி" என்று மாமா சொன்னார். அது தப்பான யோசனை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் பிளஸ் டூ போனால் எது திறக்கும், டிப்ளமோ போனால் எது மூடும் என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருக்கலாம் அல்லவா? பதினைந்து வயதில், ஜூன் மாத வெயிலில், அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒரு முடிவு ஆகிறது. அது முடிவு என்றே நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். "ரேலி எப்ப வரும், எத்தன கிலோமீட்டர் ஓடணும், நெஞ்சு எவ்வளவு விரியணும், எல்லாம் சொல்றேன் கேளு. ஆபீசர் பரீட்சைய பத்தி எனக்கே தெரியாது சாமி. நம்ம பசங்க யாராவது போயிருந்தாத்தானே தெரியும்?" என்றார். எவ்வளவு நேர்மையான பதில்!

நம் பக்கத்து மண்ணிலிருந்து ஆபீசரே வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறார், அதுவும் தலைமைத் தளபதியாகவே! 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம். நமக்கு இரண்டு மணி நேர பஸ் தூரம்தான் கூடுதல். ஆனால் அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. அப்பா டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பிள்ளை படித்தது இங்கிலாந்தில், ஈட்டன் பள்ளியிலும் வூல்விச் ராணுவக் கல்லூரியிலும். அந்தக் காலத்தில் ஆபீசர் ஆக அப்படிப்பட்ட வீட்டில் பிறக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நூறு ரூபாய் போதும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் அந்த நூறும் இல்லை. ஆனால் வழி திறந்தும் சேதி வந்து சேரவில்லை என்றால், கம்பைநல்லூர்க்காரனுக்கு அது 1930-களுக்கும் இப்போதைக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

சேதி வந்தாலும் இன்னொரு மேடு இருக்கிறது. மொழி. என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. தமிழில் இல்லை. இந்தி தாய்மொழியாக உள்ள பையன் கணக்கை அவன் வீட்டு மொழியில் படித்துப் பார்க்கலாம். நாம் முதலில் கேள்வியைப் புரிந்துகொண்டு, அப்புறம் கணக்கைப் போட வேண்டும். இது நியாயமில்லை என்பது என் கருத்து. நீட் தேர்வைத் தமிழில் எழுத முடிகிறபோது இதை ஏன் முடியாது? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பதில் வரும் வரைக்கும் காத்திருந்தால் நமக்குப் பத்தொன்பதரை வயது தாண்டிவிடும்!

அந்த ஐந்து நாள் நேர்முகத்தைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். எஸ்.எஸ்.பி. என்கிறார்கள். ஒரு ஆங்கில வார்த்தையைக் காட்டுவார்கள். பதினைந்து விநாடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி அறுபது வார்த்தை. ஒரு படத்தை அரை நிமிடம் காட்டி, நாலு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். இப்படிப் பதினொரு படம், பன்னிரண்டாவது வெறும் வெள்ளை அட்டை! அரை மணி நேரத்தில் அறுபது இக்கட்டான நிலைமைகளுக்கு நீ என்ன செய்வாய் என்று எழுத வேண்டும். அப்புறம் மைதானத்தில் கயிறு, பலகை, டிரம் கொடுத்து எட்டு பத்துப் பேராகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். யார் சத்தம் போடுகிறான், யார் யோசனை சொல்கிறான், யார் அடுத்தவனுக்குக் கை கொடுக்கிறான் என்று ஓரமாக நின்று பார்ப்பார்கள். இதில் பாதி நமக்குக் கைவந்த வேலை. ஊரில் கிணற்று மோட்டாரைத் தூக்கியவனுக்கும் மாரியம்மன் திருவிழாவில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டவனுக்கும் கயிறும் பலகையும் புதுசா? வாய் திறந்து இங்கிலீஷில் "இப்படிச் செய்வோம்" என்று சொல்வதுதான் நமக்கு வராதது. அதைப் பழகலாம். லேப் ரெக்கார்டை இங்கிலீஷில்தானே எழுதுகிறோம், பேசினால் என்ன?

ஒரு நல்ல சேதி. முதல் தடவை போகிறவர்களுக்குப் போய்வர ரயில் கட்டணமும் அவர்களே கொடுக்கிறார்கள், அதுவும் மூன்றடுக்கு ஏ.சி. கட்டணம். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. தேறாமல் திரும்பினாலும் நஷ்டம் இல்லை.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நேராக நிற்கும்போது முட்டி இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதம் விலகி நின்றால் தள்ளிவிடுவார்கள். நம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அது பல்லோடு நிற்காமல் எலும்பு வரைக்கும் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். தம்பி தங்கைகளுக்கு போர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். இது பட்டாளத்துக்காக மட்டும் சொல்வது அல்ல.

சரி, வீட்டுக்கு வருவோம். விஷயம் எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டாரே ஒரு கேள்வி! "ஏண்டா சாமி, படிக்கறதுக்குக் காசு இல்லன்னு உசுரைக் கொண்டுபோய்க் குடுப்பியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஹாஸ்டலில் நண்பர்களும் இதையேதான் வேறு மாதிரி கேட்டார்கள். "அமரன்" படம் வந்த புதிதில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோமே, அன்றைக்கு ராத்திரி நடந்த விவாதம் ஞாபகம் இருக்கிறதா? மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீர் ஷோபியானில் உயிரைக் கொடுத்தார், அசோக சக்கரம் கிடைத்தது. "அவர் ஆசைப்பட்டுப் போனவர்டா, நீ பீஸ் கட்ட முடியாம போறவன், ரெண்டும் ஒண்ணா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான்.

என் கருத்து இதுதான். பணத்துக்காக மட்டும் போகிறவன் போக வேண்டாம். ஐந்து நாளில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் விடிகாலைப் பயிற்சியில் அவனே கண்டுபிடித்துக்கொள்வான். பாதியில் வேண்டாம் என்று வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகப் பெற்றோர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். விளையாட்டு இல்லை. கையெழுத்துப் போடும் முன் அப்பா அம்மாவுக்கு அதை வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. ஆனால் பணமும் ஒரு காரணம் என்று சொல்ல எதற்கு வெட்கம்? அமெரிக்காவில் 1916-லிருந்து ஆர்.ஓ.டி.சி. என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் உதவித்தொகை பெறும் மாணவனுக்குக் கல்லூரிக் கட்டணத்தை ராணுவம் கட்டும், படித்து முடித்து அவன் சில வருடம் ஆபீசராக வேலை செய்ய வேண்டும். பணக்கார நாட்டுப் பையனே கணக்குப் பார்த்துத்தான் போகிறான். நாம் கணக்குப் பார்த்தால் மட்டும் தேசபக்தி குறைந்துவிடுமா?

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் வேறு. எங்கள் அப்பா பெங்களூரில் ஏழாவது மாடியில் சாரத்தில் நின்று பலகை அடிக்கிறார். இடுப்பில் பெல்ட் இல்லை. போன வருடம் அவர் கண் முன்னாலேயே ஒருவர் விழுந்தார். மேஸ்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதோ கொடுத்தார், அவ்வளவுதான். "அப்பா போறப்ப உசுரு பத்தி யாரும் கேக்கலையேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

சரி, டிப்ளமோ படித்த நமக்கு இனி வழியே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம் சுற்று வழி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கிற நேரம் போதும். டிப்ளமோ முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம் அல்லவா? கடைசி வருடம் படிக்கும்போதே டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ் என்ற டி.ஜி.சி.க்குப் போடலாம். குறுகிய காலப் பணி டெக்னிக்கல் பிரிவுக்கும் போடலாம். இரண்டுக்கும் 27 வயது வரைக்கும் நேரம் இருக்கிறது. இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு கிடையாது, மார்க்கைப் பார்த்து நேராக எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். அதனால் அரியர் வைக்காதீர்கள்! பொதுவாக எந்தப் பட்டதாரியும் எழுதும் சி.டி.எஸ். தேர்வும் இருக்கிறது. மேஜர் முகுந்த் கூட என்.டி.ஏ.வில் படித்தவர் அல்ல. பட்டப்படிப்பை முடித்த பிறகு பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போனவர்தான்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. என்.சி.சி.யில் "சி" சான்றிதழ் குறைந்தது "பி" கிரேடோடு வாங்கி, பட்டத்தில் 50 சதவீதம் எடுத்திருந்தால், சி.டி.எஸ். எழுதாமலே என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக எஸ்.எஸ்.பி. போகலாம். ஆனால் "சி" சான்றிதழுக்கு மூன்று வருடம் வேண்டும். பி.இ. இரண்டாம் ஆண்டில் போய்ச் சேரும் நமக்கு மிச்சம் இருப்பதே மூன்று வருடம். முதல் மாதத்திலேயே சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் இங்கேயே ஆரம்பித்திருக்கலாம். இல்லை. பேரவை நண்பர்கள் டூர், கலை விழா என்று நிறையச் செய்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். அடுத்த வருடப் பேரவை முதல்வரிடம் கொடுக்கும் மனுவில் முதல் வரியாக இது இருக்கட்டும்.

இரண்டாவது வரியும் என்னிடம் இருக்கிறது. நம்மில் கம்பைநல்லூர், இருமத்தூர், மொரப்பூர், கடத்தூர், அரூர் என்று எல்லாப் பக்கத்துப் பசங்களும் இருக்கிறோம். அவரவர் படித்த பள்ளிக்கு ஏப்ரலில் ஒரு நாள் போவோம். பத்தாவது பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசுவோம். டிப்ளமோவுக்கு வராதே என்று சொல்ல அல்ல. இதில் போனால் இது கிடைக்கும், அதில் போனால் அது கிடைக்கும், நீயே பார்த்துக்கொள் என்று சொல்ல. பேச்சுப் போட்டி மாதிரி வேண்டாம். கரும்பலகையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினால் போதும்.

நான் வீட்டில் ஆரம்பித்துவிட்டேன். என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், கணிதம் உயிரியல் குரூப். 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு என்.டி.ஏ. தேர்வைப் பெண்களும் எழுதலாம். 2022-ல் உள்ளே போன முதல் தொகுதியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பேப்பரில் வந்த அந்தப் போட்டோவை வெட்டி அவள் பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பன்னிரண்டாவது படிக்கிறவர்களும் போடலாம் என்பதால் டிசம்பரில் அதே பிரவுசிங் சென்டருக்குப் போனோம். இந்த முறை என்ன தகராறு தெரியுமா? இனிஷியல்! ஆதாரில் எழுத்து முன்னால், பத்தாவது சான்றிதழில் பின்னால். விண்ணப்பத்தில் பெயர் பத்தாவது சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரனுக்கு மட்டும் வருகிற தலைவலி இது. தங்கை தம்பிக்கு ஆதார் எடுக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை அலைந்து, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போட்டு முடித்தோம்.

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அஞ்சு நாள் பரீட்சை எந்த ஊர்ல?" என்றார். தரைப்படைக்குப் பெங்களூரிலேயே ஒரு மையம் இருக்கிறது, விமானப்படைக்கு மைசூரில் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பெங்களூர்னா எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும். கூப்பிட்டாங்கன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஏப்ரலில் எழுத்துத் தேர்வு. தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு நான் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்கிறேன், அவள் பதினைந்து விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுதுகிறாள். நேற்று "பிரிட்ஜ்" என்றேன். இருமத்தூர் பாலத்தைப் பற்றி எழுதினாள். ஸ்பெல்லிங் ஒன்று தப்பு.